கேள்வி பதில்: கயாக்கு, தூண்டிலு, ஐஸ் தண்ணி

ஐஸ் கரைஞ்சு வெயில் எட்டிப் பாத்தாலே இந்தப் பகுதிக்கு வர்ற கடிதத்துல பாதி மீன் பிடிக்கிறத பத்திதான் இருக்கு. இந்த தடவ ஒண்டாரியோ ஏரில கயாக் (ஒத்த ஆள் உக்காந்து ஓட்டற சின்ன படகு) எடுத்துட்டு சால்மன், ட்ரவுட்னு கிளம்புறவங்க கேட்டதா பாத்து பொறுக்கி எடுத்திருக்கேன். எந்த லூர் (பொய் இரை) போடலாம், எவ்ளோ ஆழத்துல விடலாம்னு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க, இதுல பூரா தண்ணிக்குள்ள விழுந்தா என்ன ஆகும்ங்கற பேச்சுதான்.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர், இப்ப மிசிசாகா. ஏப்ரல் கடைசில ஒரு நாள் 20 டிகிரி வெயில் வந்துச்சு, ஷார்ட்ஸ் டி-ஷர்ட்லயே கயாக்க எறக்குனேன். கரையில நின்ன ஒரு வெள்ளக்காரப் பெரியவர் கத்தி திட்ட ஆரம்பிச்சுட்டார். அவ்ளோ பெரிய தப்பா அது?

பதில்: அவர மறுபடி பாத்தா ஒரு காபி வாங்கிக் குடுங்க தம்பி. 20 டிகிரிங்கறது காத்தோட கணக்கு, அன்னைக்கு தண்ணி 4, 5 டிகிரிலதான் இருந்திருக்கும். ஒண்டாரியோ ஏரிக்கு சராசரி ஆழமே 86 மீட்டர், அதிகபட்சம் 244 மீட்டர், அவ்ளோ தண்ணி நாலு நாள் வெயிலுக்கெல்லாம் அசையாது, ஜூன் தாண்டித்தான் மேல் தண்ணி ஒழுங்கா சூடாகும்.

குளிர் தண்ணில விழுந்தா உடம்பு வெறைச்சு கொஞ்சம் கொஞ்சமா சாவு வரும்னுதான் எல்லாரும் நெனைச்சுட்டு இருக்காங்க. அது கடைசில வர்றது. நெறைய பேர் அது வரைக்கும் போறதே இல்ல. முதல்ல வர்றது மூச்சு. தண்ணி 15 டிகிரிக்கு கீழ இருந்தா, தோல்ல பட்ட உடனே உங்கள கேக்காம உடம்பு ஒரு பெரிய மூச்ச உள்ள இழுக்கும், அந்த நொடில வாய் தண்ணிக்குள்ள இருந்தா உள்ள போறது காத்து இல்ல. அப்புறம் ஒரு நிமிஷத்துக்கு நாய் மாதிரி இளைக்கும், நிறுத்தணும்னு நெனைச்சாலும் நிக்காது, நெஞ்சு அடிச்சுக்கும், பிபியும் ஏறும், ஏற்கனவே ஹார்ட்ல கோளாறு உள்ளவங்களுக்கு அங்கேயே முடிஞ்சு போகலாம்.

மனிடோபா யுனிவர்சிட்டில கோர்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர் இருக்கார், தன்னையே ஐஸ் தண்ணில எறக்கி எறக்கி சோதனை பண்ணினவர், 'புரொஃபசர் பாப்சிகல்'னு பட்டப்பேரே உண்டு. அவர் பரப்பின கணக்கு 1-10-1. முதல் 1 நிமிஷம் மூச்ச கட்டுப்பாட்டுக்கு கொண்டு வர. அடுத்த 10 நிமிஷம் கை கால் சொன்னபடி கேக்கும், அதுக்குள்ள உருப்படியா எதாவது பண்ணிக்கணும். அப்புறம் மயக்கம் வர்றதுக்கு சுமார் 1 மணி நேரம் இருக்கு. அந்த 1 மணி நேரத்த பாத்து தைரியம் வந்துடக் கூடாது, மூச்சும் கையும் போனப்புறம் தலைய மேல தூக்கிப் பிடிக்க லைஃப் ஜாக்கெட் இருக்குறவனுக்குத்தான் அந்த நேரமே கிடைக்கும்.

இன்னொண்ணு, காத்து டிகிரியையும் தண்ணி டிகிரியையும் ஃபாரன்ஹீட்ல கூட்டி 120 தாண்டினா ஸ்பெஷல் டிரஸ் தேவையில்லனு ஒரு கணக்கு சுத்திட்டு இருக்கு, உங்ககிட்டயும் யாராவது சொல்லுவாங்க. மே மாசம் வெயில் 80, தண்ணி 45, கூட்டினா 125, பாஸ். 45 ஃபாரன்ஹீட்னா நம்ம கணக்குல 7 டிகிரி. விழுந்தவன் முங்குறது தண்ணில, அவனுக்கு காத்து 80 இருந்தா என்ன 90 இருந்தா என்ன? தூக்கிப் போடுங்க அந்தக் கணக்க.

கேள்வி: அண்ணை, நான் வல்வெட்டித்துறை, இப்ப ஸ்கார்பரோவிலை இருக்கிறன். நடக்கப் பழகின காலத்திலையே கடலிலை நீந்தினனான், வயசு 58. லைஃப் ஜாக்கெட்டை போட்டால் தூண்டில் எறியேக்கை கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு. நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கும் அது கட்டாயம் வேணுமோ?

பதில்: வேணும் அண்ணா. வல்வெட்டித்துறைக்காரருக்கு நீச்சலப் பத்தி நான் பாடம் எடுக்கப் போறதில்ல. ஆனா உங்க ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் கதை உங்களுக்கு தெரியாததா, 1971ல பாக்கு நீரிணைய நீந்தி இந்தியா போய் திரும்பியும் நீந்தி வந்தவர், 1984 ஆகஸ்ட்ல ஆங்கிலக் கால்வாய்ல நீந்தும்போது இறந்து போனார். அவரவிட பெரிய நீச்சல்காரன்னு நம்மள்ல யாரும் சொல்லிக்க முடியாது.

நீங்க நீந்தி வளர்ந்த கடல்ல தண்ணி 25 டிகிரிக்கு கீழ இறங்குறதே அபூர்வம். அங்க கத்துக்கிட்டதெல்லாம் இங்க மே மாசத்துல செல்லாது, ஏன்னா குளிர் தண்ணில உடம்பு நெஞ்சையும் மூளையையும் காப்பாத்திக்க கை கால் ரத்தத்த சுருக்கிடும், கைத்தசையும் நரம்பும் குளிர்ந்து போய் விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, உள்ளங்கைல தண்ணி நிக்காது, வீச்சு சின்னதாகிட்டே வரும், கால் கீழ இறங்கும், உடம்பு செங்குத்தா ஆயிடும். வெளிய இருந்து பாக்கறவனுக்கு ஆள் சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும் பத்து நிமிஷம், கால் மணி நேரத்துல இது வந்துடுது. நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு கூடுதலா ஒரு ஆபத்து வேற இருக்கு, 'கரை அந்தா தெரியுதே'னு கயாக்க விட்டுட்டு நீந்த ஆரம்பிச்சுடுவாங்க. தண்ணி மேல தூரம் ஏமாத்தும். விடாதீங்க, கயாக்கோடயே இருங்க.

லைஃப் ஜாக்கெட் இல்லாம விழுந்துட்டவன பத்தியும் சொல்லிடறேன், நம்ம பசங்க பாறையில நின்னு மீன் பிடிக்கும்போது வழுக்கி விழறது உண்டு. இங்கிலாந்துல ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுக்காரங்க பல வருஷமா சொல்லிட்டு வர்றது, விழுந்த உடனே நீந்தாதீங்க, தலைய பின்னாடி சாச்சு மல்லாக்க மிதங்க, காது தண்ணிக்குள்ள போனாலும் பரவால்ல, மூச்சு அடங்கினப்புறம் மத்ததெல்லாம். மிதக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இது லேசா வரும்.

கை தூக்க முடியலங்கறதுக்கு வழி இருக்கு. நீங்க போட்டிருக்குறது மோட்டார் போட்ல குடுக்குற பொது ஜாக்கெட்டா இருக்கும். கயாக் மீன்பிடிக்குனே அக்குள்ல நல்லா வெட்டு விட்டு, முதுகுப்பக்கம் ஃபோம மேல தூக்கி வச்சு வருது, சீட்டுல சாய்ஞ்சாலும் கழுத்துல இடிக்காது. கடைல போட்டுப் பாத்து, ராட் வீசற மாதிரி கைய சுத்திப் பாத்து வாங்குங்க, வெக்கப்படாதீங்க, அங்க எல்லாரும் அதத்தான் பண்ணுவாங்க.

கேள்வி: காத்து அடைச்சு உப்புற டைப் ஜாக்கெட் மெலிசா இருக்கு, அது போதுமா? சீட்டுக்குப் பின்னாடி கட்டி வச்சிருந்தா சட்டப்படி போதும்னு நண்பர் சொல்றார். — பிராம்ப்டன்

பதில்: சட்டம் கேக்கறது, ஆளுக்கு ஒண்ணு சரியான சைஸ்ல படகுல இருக்கணும்னு. ஃபோம் ஜாக்கெட்டுக்கு நண்பர் சொல்றது சட்டப்படி சரி, ஆனா உப்புற டைப்ப கயாக் மாதிரி திறந்த படகுல போட்டிருந்தாத்தான் கணக்குல எடுப்பாங்க. எதுவா இருந்தாலும் கவுந்து, மூச்சு இளைச்சு, விரல் மரத்து, அலைல ஆடிட்டே ஒரு ஜாக்கெட்ட அவுத்து மாட்டி மூணு பக்கிள் போட முடியுமானு ஆகஸ்ட்ல வெதுவெதுப்பான ஒரு ஏரில போய் செஞ்சு பாருங்க, அப்புறம் நண்பர்கிட்ட பேசிக்கலாம். பேக்கேஜ் கட்டற கயித்துக்கு கீழ ஜாக்கெட்ட சொருகி வச்சிருக்குறத பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

உப்புற டைப் கனடாவுல 16 வயசுக்கு மேல, 36.3 கிலோவுக்கு மேல இருக்குறவங்களுக்குத்தான் அனுமதி. கையால இழுத்து உப்ப வைக்கிற டைப்பா இருந்தா மரத்துப்போன கை இழுக்கணும். குளிர் தண்ணிக்கு ஃபோம் ஜாக்கெட்தான் என் கட்சி, அது நெஞ்சுக்கு கொஞ்சம் சூடும் குடுக்கும், பாக்கெட்டும் நெறைய இருக்கும். ஜாக்கெட் தவிர 15 மீட்டர் மிதக்குற கயிறு, விசில், உள்ள சேர்ற தண்ணிய இறைக்க ஒரு சாமான், இருட்டுல போறதா இருந்தா தண்ணி புகாத டார்ச், இதெல்லாமும் பொதுவா சட்டத்துல இருக்கு. விசில் உள்ள உருண்டை இல்லாத டைப்பா வாங்குங்க, நனைஞ்சாலும் ஊதும்.

கேள்வி: ட்ரைசூட் விலைய பாத்து மயக்கம் வந்துடுச்சு. ரெயின்கோட், உள்ள ஹூடி, ஜீன்ஸ், ரப்பர் பூட்ஸ், இதுல சமாளிக்க முடியாதா? வேடர்ஸ் (பூட்ஸோட சேர்ந்து நெஞ்சு வரைக்கும் வர்ற தண்ணி புகாத பேன்ட்) இருக்கு, அது ஓகேவா? — மார்க்கம்

பதில்: ஜீன்ஸ், பருத்தி ஹூடி ரெண்டும் வேண்டாம். நனைஞ்சா தண்ணிய குடிச்சுட்டு கல்லு மாதிரி தொங்கும், சூடு துளி நிக்காது. தண்ணி காத்தவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்ட உறிஞ்சிடும், அதனால ரெயின்கோட் மழைக்குத்தான்.

ட்ரைசூட்ங்கறது கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ரப்பர் பட்டி இறுக்கிப் பிடிச்சு தண்ணிய உள்ள விடாத சூட். அது தனியா சூடு குடுக்காது, உள்ள ஃப்ளீஸ் போட்டாத்தான் சூடு, இது தெரியாம மெலிசு பனியனோட போட்டுட்டு குளிருதேனு புலம்புறவங்கள பாத்திருக்கேன். ஜிப்ப முழுசா மூடுங்க, போட்ட உடனே குத்த வச்சு உக்காந்து கழுத்துப் பட்டிய விரலால லேசா விலக்கி உள்ள இருக்குற காத்த வெளியேத்துங்க. புதுசு ஆயிரம் டாலர தாண்டும்தான். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர்ல பெரிய ஏரிக்கு போறவங்களுக்கு இதவிட குறைச்சலா என்னால சிபாரிசு பண்ண முடியல. கயாக், ஃபிஷ் ஃபைண்டர், நாலு ராட், ரீல்னு மூவாயிரம் நாலாயிரம் போட்டவங்க இதுல வந்து கணக்கு பாக்கறது எனக்கு புரியவே மாட்டேங்குது, பழைய ஃபைண்டரே மீன் காட்டும்.

கை இல்லாத, 3 மி.மீ. தடிமன் நியோப்ரீன் ரப்பர் வெட்சூட் அதுல கால்வாசி விலைக்குள்ள கிடைக்கும். தண்ணி உள்ள வரும், ஆனா உடம்போட ஒட்டி நின்னு சூடாகும், டைட்டா இருந்தாத்தான் வேலை செய்யும். ஜூன்ல கரையோரமா சின்ன ஏரில பாஸ் மீன் பிடிக்க அது சரியா இருக்கும். 5 டிகிரி தண்ணிக்கு அது பத்தாது.

வேடர்ஸ் பத்தி ஒரு பயமுறுத்தல் இருக்கு, உள்ள தண்ணி நிறைஞ்சா ஆள கீழ இழுத்துட்டு போயிடும்னு. அப்படி இழுக்காது, உள்ள இருக்குற தண்ணியும் வெளிய இருக்குற தண்ணியும் ஒரே கனம்தான். சிக்கல் எங்கன்னா, காலு வீங்கின மாதிரி ஆகி நீந்தவும் முடியாது, கயாக் மேல ஏறும்போது அத்தன லிட்டர் தண்ணியையும் நீங்கதான் வெளிய தூக்கணும். இடுப்புல பெல்ட்ட இறுக்கிக் கட்டி, மேல ட்ரை டாப் (ட்ரைசூட்டோட மேல்பாதி மாதிரி ஒரு சட்டை) போட்டு ஓட்டுறவங்க உண்டு, அது பாதி பாதுகாப்பு.

எத வாங்கினாலும் போறதுக்கு முன்னாடி கரையில இடுப்பளவு தண்ணில எறங்கி கழுத்து வரைக்கும் முங்கிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும். ஜிப் பாதில நிக்குதா, பட்டி கிழிஞ்சிருக்கா, அங்கயே தெரிஞ்சுடும். முங்கிப் பாக்க மனசு வரலனா அந்த டிரஸ் அந்தத் தண்ணிக்கு பத்தலனு அர்த்தம், வண்டிய திருப்புங்க.

கேள்வி: அப்ப ஜூலை ஆகஸ்ட்ல இதெல்லாம் வேண்டாம்ல? — ஏஜாக்ஸ்

பதில்: சிம்கோ, ரைஸ் லேக் மாதிரி இடத்துல சரி. ஒண்டாரியோ ஏரி வடகரையில அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாது. மேற்குக் காத்து ரெண்டு மூணு நாள் விடாம அடிச்சா, பூமி சுத்தறதால மேல் தண்ணி காத்து போற திசைக்கு வலப்பக்கமா, அதாவது தெக்க நகர்ந்து நடு ஏரிக்கு போயிடும், அந்த காலி இடத்துக்கு அடியில இருந்து குளிர் தண்ணி மேல வந்துடும். சனிக்கிழமை 20 டிகிரில குளிச்ச அதே பீச்சுல செவ்வாக்கிழமை 8 டிகிரி இருக்கும், வானம் பளிச்னு இருக்கும், கரையில பசங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருப்பாங்க. அடியில அவ்ளோ குளிர் எங்கேர்ந்து வந்துச்சுனா, தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனம், அது அடியில தங்கிடும். டொரண்டோ டவுன்டவுன்ல வேலை பாக்கறவங்க 2004லேர்ந்து இத அனுபவிச்சுட்டுதான் இருக்கீங்க, அங்க நெறைய கட்டடத்துக்கு ஏசி குளிர் வர்றதே 83 மீட்டர் ஆழத்துல இருந்து குழாய்ல எடுக்கற அந்த 4 டிகிரி தண்ணிலேர்ந்துதான்.

இதுல வேடிக்க, குளிர் தண்ணி கரைக்கு வந்தா சால்மனும் கூடவே கரைக்கு வரும், கயாக்காரனுக்கு கொண்டாட்டமான நாளே அதுதான். ஆக நல்லா மீன் கடிக்குதுனு நண்பர் போன் பண்ணாலே தண்ணி குளிர்ந்திருக்குனு வச்சுக்கங்க. ஃபைண்டர்ல டெம்பரேச்சர் காட்டும், இல்லனா கயித்துல கட்டின ஒரு தெர்மாமீட்டர் போதும். 15க்கு கீழனா வெட்சூட்டாவது இல்லாம போகாதீங்க.

காத்து பத்தி இன்னொரு விஷயம், முக்கியமா பிளஃபர்ஸ் பார்க்ல எறக்கறவங்களுக்கு. அங்க பின்னாடி செங்குத்தா மேடு நிக்குது, வடக்குக் காத்த அது மறைச்சுடும், கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். ஒரு கிலோமீட்டர் உள்ள போனா மறைவு போயிடும், காத்து முதுகுல தள்ளும், போறப்ப சுகமா இருக்கும், திரும்பும்போது மூஞ்சில அடிக்கும், அலையும் தூரம் போகப்போக பெருசாகும். எதிர்க்கரை கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். வடக்கு, வடமேற்கு காத்துனு ஃபோர்காஸ்ட் சொன்னா அன்னைக்கு கரைய ஒட்டியே போங்க. பாக்கறது என்விரான்மென்ட் கனடா குடுக்கற மரைன் ஃபோர்காஸ்ட்டா இருக்கட்டும், போன்ல சூரியன் படம் போட்டு வர்றது ஊருக்குள்ள துணி காயப்போடத்தான் உதவும்.

கேள்வி: பெடல் கயாக் வச்சிருக்கேன், 90 செ.மீ. அகலம், எந்திரிச்சு நின்னே மீன் பிடிக்கலாம், இது எப்படி கவுரும்? அப்படியே கவுந்தாலும் எப்படி ஏறுறது? — விட்பி

பதில்: நெறைய பேர் கவுர்றது அலைல இல்ல. பின்னாடி கிரேட்ல (சாமான் பெட்டில) எதையோ எடுக்கத் திரும்பறப்ப, வலைய எட்டி நீட்டி பக்கவாட்டுல மீன அள்ளறப்ப, நின்னுக்கிட்டே ஒண்ணுக்கு போறப்ப, நங்கூரத்த சைடுல கட்டினப்ப. பத்து கிலோ சினூக் சால்மன் ஒண்ணு கயாக்குக்கு அடியில புகுந்து எதிர்ப்பக்கம் இழுக்கறப்ப ராட் எந்தப் பக்கம் போகுதோ தலையும் அந்தப் பக்கம் போகும், தலை விளிம்ப தாண்டினா 90 செ.மீ.யும் காப்பாத்தாது. ரீலோட ட்ராக்க (லைன் இறுக்கத்த) லூஸ் பண்ணி முன்பக்கமா கொண்டு வந்து எடுங்க. ஹேட்ச் (கயாக் உள்ள சாமான் வைக்கிற வாய்) மூடி ஒழுங்கா மூடுதான்னும் பாருங்க, உள்ள இருபது லிட்டர் தண்ணி சேர்ந்தாலே அது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடி அகல கயாக்க கூட ஆட்டிடும்.

அகலமா இருக்குறதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, சேல்ஸ்மேன் சொல்ல மாட்டார். நேரா எவ்ளோ ஸ்திரமா நிக்குதோ தலைகீழாவும் அவ்ளோ ஸ்திரமா நிக்கும், திருப்புறது லேசு இல்ல. அதனால ஒரு பக்கத்து நடு கைப்பிடில ஒண்ணரை ரெண்டு மீட்டர் கயிறு கட்டி வையுங்க.

விழுந்தீங்கனா முதல்ல ஒரு கைல கயாக்க பிடிங்க, இல்ல துடுப்ப பிடிங்க, துடுப்பு கயாக்கோட கட்டியிருக்கணும். காத்து அடிச்சா வெறும் கயாக் நீங்க நீந்துற வேகத்தவிட வேகமா ஓடிடும். பிடிச்சுட்டு அந்த ஒரு நிமிஷம் சும்மா இருங்க, அலைக்கு முதுக காட்டி, மூச்ச மெதுவா வெளிய விட்டு விட்டு. ராட் போனா போகட்டும், ஃபைண்டர் போனா போகட்டும். லைன் கால்ல சுத்திக்கும், அதுக்குத்தான் ஜாக்கெட் நெஞ்சுல ஒரு சின்ன கத்தி, கிரேட்ல இருக்குற கத்தி இந்நேரம் அடில கிடக்கும்.

மூச்சு அடங்கினதும் அந்தக் கயித்த கவுந்த கயாக்குக்கு குறுக்கா உங்க பக்கம் எறிஞ்சு, முழங்கால விளிம்புல ஊன்றி, ரெண்டு கையாலயும் இழுத்து பின்னாடி சாயுங்க, உடம்பு கனமே அத திருப்பும். திரும்பினதும் நடுப்பக்கம் வந்து எதிர் விளிம்பயோ சீட்டு பட்டியையோ பிடிச்சு, கால தண்ணி மேல மிதக்க விட்டு தவளை மாதிரி உதைச்சு, உடம்ப மேல தூக்காம கயாக்க உங்களுக்கு அடியில இழுத்துக்கங்க. தொப்புள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்க. அப்புறம் உருண்டு பின்புறத்த சீட்டு பக்கம் வையுங்க, கடைசியா கால். இந்த வரிசை மாறி முதல்லயே முட்டி போட்டு எந்திரிக்கப் பாத்தா மறுபடி எதிர்ப்பக்கமா விழுவீங்க. உயரமான சீட்டு, தூக்கி நிக்கிற ராட் ஹோல்டர் எல்லாம் வழிய மறிக்கும், ஏற ஒரு பக்கத்த காலியா விடுங்க. தோள்ல வலு இல்லாதவங்க பட்டியில ஒரு வளையம் போட்டு கால் ஊனி ஏறலாம்.

வாசிச்சா இது வராது. ஆகஸ்ட்ல ஏதாவது சின்ன ஏரில, ஒரு ஆள கூட வச்சுக்கிட்டு, உங்க சொந்த கயாக்லயே, ட்ரைசூட் லைஃப் ஜாக்கெட்டோட பழகுங்க. ரெண்டு தடவ முயற்சி பண்ணியும் ஏற முடியலனா மூணாவதுக்கு வலுவ வீணாக்காதீங்க, கவுந்த கயாக் மேலயே நெஞ்ச போட்டு படுங்க, காத்து அடிச்சு குளிர்ற மாதிரி இருந்தாலும் தண்ணிக்கு வெளிய இருக்குற ஒவ்வொரு அங்குலமும் லாபம்தான். உடனே உதவிக்கு கூப்பிடுங்க, கை வேலை செய்யும்போதே.

கேள்வி: எதுல கூப்பிடறது? போன் போதாதா? — ஓஷாவா

பதில்: போன் வேணும், 911 அதுலதான். ஆனா ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் அடங்காது, பைக்குள்ள இருந்தா இன்னும் மோசம். கைல பிடிக்கிற வி.எச்.எஃப். ரேடியோ மிதக்குற டைப் ஒண்ணு ஜாக்கெட்ல கிளிப் பண்ணி வையுங்க, சேனல் 16ல பேசினா கோஸ்ட் கார்டும் கேக்கும், பக்கத்துல போற படகும் கேக்கும், பெரும்பாலும் முதல்ல வந்து சேர்றது அந்தப் படகுதான். அத இயக்க ஆர்.ஓ.சி.(எம்)னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கணும், சின்ன கோர்ஸ்தான். தனியா தூரம் போறவங்க பி.எல்.பி. பீக்கன் (சாட்டிலைட் வழியா அவசர சிக்னல் அனுப்பற கருவி) ஒண்ணையும் வாங்கி மறக்காம ரெஜிஸ்டர் பண்ணிடுங்க. கயாக்ல கட்டி வச்ச ரேடியோ கயாக்குக்குத்தான் உதவும்.

கேள்வி: குளிருக்கு எதமா ஒரு பெக் போட்டுட்டு போனா? — பேர் வேண்டாம், பிக்கரிங்

பதில்: வேண்டாம். தோலுக்கு ரத்தம் ஏறி சூடா இருக்குற மாதிரி தோணும், உள்சூடு வெளிய போயிட்டு இருக்கும், பேலன்ஸும் போகும். வீட்டுக்கு வந்து மீன் வறுவலோட பாத்துக்கங்க.

கேள்வி: கூட வந்தவர் விழுந்து இருபது நிமிஷம் தண்ணில இருந்தார், தூக்கி கரைக்கு கொண்டு வந்தோம், கைய கால தேய்ச்சு, ஹீட்டர் போட்ட காருக்கு நடக்க வச்சு கூட்டிட்டு போனோம். நல்லாயிட்டார். சரியாத்தான் பண்ணோமா? — ஸ்கார்பரோ

பதில்: நல்லானது சந்தோஷம். தேய்ச்சதும் நடக்க வச்சதும் மட்டும் அடுத்த தடவ வேண்டாம். கை கால்ல தேங்கின குளிர் ரத்தம் திடீர்னு நெஞ்சுக்கு திரும்பக் கூடாது, ரொம்ப குளிர்ந்த இதயம் ஒரு முரட்டு அசைவுக்கே தாளம் தப்பிடும். தண்ணிலேர்ந்து எடுக்கறப்பவே முடிஞ்ச வரை படுத்த வாக்குல எடுக்கணும், ஏன்னா அது வரைக்கும் தண்ணியோட அழுத்தமும் உடம்ப தாங்கிட்டு இருந்துச்சு, நிமித்தி தூக்கினா பிபி சரிஞ்சு அங்கயே சுருண்டு விழலாம்.

காத்து படாத இடத்துல படுக்க வச்சு, ஈரத்துணிய இழுத்து அவுக்காம கத்திரிச்சு எடுத்து, அடிலயும் மேலயும் காஞ்ச போர்வை, தலைக்கு குல்லா, நெஞ்சுக்கும் அக்குளுக்கும் வெதுவெதுப்பா ஏதாவது, துணி சுத்தி. தெளிவா பேசி, தானா விழுங்க முடிஞ்சா சக்கரை தூக்கலா போட்ட சூடான பானம் குடுக்கலாம். சுடுதண்ணி ஷவர் வேண்டாம். நடுங்கிட்டு இருக்குற வரை உடம்பு போராடுதுனு அர்த்தம், பேச்சு குழறி, பட்டன் போட முடியாம தடுமாறி, நடுக்கமும் நின்னு போச்சுனா அது தேறினது இல்ல, மோசமானது, உடனே 911. தண்ணி மூச்சுல ஏறி இருமிட்டு இருந்தா பாக்க நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரி கூட்டிட்டு போங்க. மூச்சு இல்லனா சி.பி.ஆர். ஆரம்பிங்க, ஆள் வந்து சேர்ற வரை விடாதீங்க. குளிர்ல போன ஆள டாக்டர்கள் சீக்கிரம் கை விடறதில்ல. 1999ல நார்வேல அன்னா போகென்ஹோம்ங்கற டாக்டர் ஸ்கீயிங் போன இடத்துல ஓடை ஐஸுக்கு அடியில மாட்டி, உடம்பு சூடு 13.7 டிகிரிக்கு இறங்கி, இதயம் நின்னு, அப்புறமும் பிழைச்சு திரும்ப வேலைக்கு போனாங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு கயாக்க கார் மேல கட்டிட்டு கிளம்பிடுறார். எங்க போறீங்கனு கேட்டா 'லேக்'ங்கறார். சொன்னாலும் கேக்கறதில்ல. வீட்ல இருந்து நான் என்ன பண்ண முடியும்? — ஸ்கார்பரோ வாசகி

பதில்: நெறைய பண்ணலாம் அக்கா. போகாதீங்கனு சண்ட போடாதீங்க, அது நடக்காது. ஃப்ரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டுங்க, கிளம்பும் முன்னாடி அதுல நாலு விஷயம் எழுதாம கார் சாவி கிடையாதுனு சொல்லுங்க. எந்த இடத்துல எறக்குறார், எந்தப் பக்கம் போறார், கூட யார் அவங்க நம்பர் என்ன, எத்தன மணிக்கு கரைக்கு வந்து போன் பண்ணுவார். கயாக் கலர், போட்டுட்டு போற ஜாக்கெட் கலர், கார் நம்பர் மூணையும் நிரந்தரமா எழுதி வச்சிடுங்க, தேடுறவங்க முதல்ல கேக்கறது அதுதான். கயாக்ல பேரும் போன் நம்பரும் ஒட்ட சொல்லுங்க, ஆளில்லாம ஒரு கயாக் மிதந்து வந்தா நம்பருக்கு கூப்பிட்டு கேட்டுக்குவாங்க, அவர் கரையில பத்திரமா இருந்தா தேடுதலே தேவைப்படாது.

சொன்ன நேரம் தாண்டினா எவ்ளோ நேரம் பொறுக்கறதுனு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கங்க. நான் அரை மணிங்கறேன், ஏப்ரல் மே மாசத்துல அதுவே அதிகம். முதல்ல அவருக்கு போன், அப்புறம் கூட போனவருக்கு, ரெண்டும் எடுக்கலனா 911, கயாக்ல போனவர் இன்னும் ஏரிலேர்ந்து திரும்பலனு சொன்னா போதும், பெரிய ஏரில தேடுறத ட்ரென்டன்ல இருக்குற ரெஸ்க்யூ சென்டர் பாத்துக்கும். வீண் அலைச்சல் குடுத்துட்டோமோனு கூச்சப்படாதீங்க, திரும்பி வந்துட்டார்னா மறுபடி 911க்கு கூப்பிட்டு சொல்லிடலாம், யாரும் திட்ட மாட்டாங்க. போன் சார்ஜ் தீர்ந்துடுச்சுனு ஒரு காரணம் ரெடியா வச்சிருப்பார், கார்ல ஒரு சார்ஜர் போட்டு வச்சிடுங்க. பிறந்தநாளுக்கு என்ன குடுக்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தீங்கனா, ட்ரைசூட்டுக்கு அவர் உயரம், மார்பளவு, ஷூ சைஸ் மூணும் தேவைப்படும், தூங்கும்போது அளந்துக்கங்க.